கையில் கொப்புளம், கல்லீரலில் இரும்பு: பிசிடி நோயாளியின் மகனுக்கு ஒரு விரிவான பதில்

கடலூர் முதுநகரைச் சேர்ந்த ஒருவர் தன் அப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயது, துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். இரண்டு வருடமாகப் புறங்கையில் கொப்புளம் வருகிறது, உடைகிறது, ஆறிய இடம் கறுத்துப்போகிறது. ஐஸ், உப்புத் தண்ணீர், இறால் முள் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லி, களிம்பு தடவியே காலம் போயிருக்கிறது. கடைசியில் புதுச்சேரியில் காட்டியபோது ‘போர்ஃபைரியா கூட்டேனியா டார்டா’, சுருக்கமாக பிசிடி, என்று சொல்லியிருக்கிறார்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனையில் 780. மரபணுப் பரிசோதனையில், இரும்பைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் எச்63டி என்ற மாற்றம் ஒரு பிரதியில் இருப்பதாக வந்திருக்கிறது. அவர் கேட்பது இது: “இரும்புச்சத்து கூடிப்போச்சு, ரத்தம் எடுக்கணும்னு சொல்றாங்க. தோல்ல வர்ற கொப்புளத்துக்கும் இரும்புக்கும் என்ன சம்பந்தம்? குடிச்சுக் குடிச்சு உடம்பு ஏற்கெனவே கெட்டுக் கிடக்கு, இருக்கிற ரத்தத்தையும் எடுத்தா தாங்குவாரா? இது பரம்பரை வியாதின்னா எனக்கும் என் பிள்ளைக்கும் வருமா?”

நான் புதுச்சேரியில் தோல் மருத்துவராக இருக்கிறேன். கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து வரும் பிசிடி நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். முதலில் பதிலைச் சொல்லிவிட்டு அப்புறம் காரணத்துக்கு வருகிறேன். இரும்புக்கும் இந்தக் கொப்புளத்துக்கும் சம்பந்தம் உண்டு. கல்லீரலில் இரும்பு இல்லாமல் இந்த நோய் தலைதூக்குவதில்லை என்றே சொல்லலாம். ரத்தம் எடுக்கச் சொன்னது சரியான வைத்தியம். ஆனால் எச்63டி என்ற அந்த ஒற்றை வரியை மட்டும் வைத்து ‘பரம்பரை இரும்பு நோய்’ என்று முடிவுகட்டக் கூடாது. அப்படி முடிவுகட்டினால் அப்பாவின் குடியும், கல்லீரலின் நிலையும், ஒருவேளை இன்னும் செய்யாமல் விட்டிருக்கும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸுக்கான பரிசோதனையும் பின்னுக்குப் போய்விடும். என் கவலை அதுதான்.

ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்ற பொருளை உடம்பு எட்டு என்சைம்களைக் கொண்டு படிப்படியாகத் தயாரிக்கிறது. பெரும்பகுதி எலும்பு மஜ்ஜையில் நடக்கிறது, அடுத்தபடியாகக் கல்லீரலில். ஐந்தாவது படியில் வேலை செய்யும் என்சைமின் பெயர் யூரோபோர்ஃபைரினோஜன் டிகார்பாக்சிலேஸ். இனி யூராட் என்றே எழுதுகிறேன். யூரோபோர்ஃபைரினோஜன் மூலக்கூறில் எட்டு கார்பாக்சில் தொகுதிகள் இருக்கும். அவற்றில் நான்கை ஒவ்வொன்றாகக் கழற்றி, மூலக்கூறை அடுத்த படிக்கு அனுப்புவது யூராடின் வேலை. பிசிடியில் கல்லீரலில் இந்த என்சைம் முடங்கிவிடுகிறது. பாதியாகக் குறைந்தால்கூட உடம்பு சமாளித்துக்கொள்ளும். இயல்பான அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கினால்தான் நோய் வெளியே தெரியும். அப்போது வேலை முடியாத சரக்கெல்லாம் கல்லீரலில் குவிந்து, போர்ஃபைரினாக மாறி, ரத்தத்தில் கலந்து தோலுக்கும் சிறுநீருக்கும் வந்துசேர்கிறது.

தோலில் சேர்ந்த போர்ஃபைரின் 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதா ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் சக்தி ஆக்சிஜனுக்குக் கைமாறி, தோலின் மேலடுக்கும் கீழடுக்கும் சேருமிடத்தைச் சிதைக்கிறது. அதனால்தான் புறங்கை, முன்னங்கை, முகம், காது, பிடரி என்று வெயில் படுகிற இடமாகப் பார்த்து வருகிறது. வெயிலில் நின்ற அன்றைக்கே எரிச்சல் எடுத்தால் நோயாளிக்கே சந்தேகம் வந்திருக்கும். இதில் அப்படி நடப்பதில்லை. தோல் நைந்துபோய் இருப்பது, ஏதாவது உரசும்போதுதான் தெரியும். என்னிடம் வந்த ஒருவர், சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார். பையின் தையல் ஓரம் உரசிய இடத்தில் புறங்கைத் தோல் ஒரு விரல் அகலத்துக்குச் சுருண்டு உரிந்துவந்தது. “அடிபட்ட ஞாபகமே இல்ல சார், தினமும் இப்படித்தான்” என்றார். பிசிடி நோயாளியின் கையை இதைவிடச் சரியாக விவரிக்க எனக்குத் தெரியவில்லை.

இந்த ஊதா ஒளி கண்ணாடியைத் தாண்டி வரும். கடலூர் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடிவிட்டு உட்கார்ந்தாலும் வெயில் பக்கத்துக் கை பாதிக்கப்படும். கடையில் விற்கும் சாதாரண சன்ஸ்கிரீன் பெரும்பாலும் புற ஊதாக் கதிருக்கானது, இதற்குப் போதாது. முழுக்கைச் சட்டை, பருத்திக் கையுறை, தொப்பி, தேவைப்பட்டால் துத்தநாக ஆக்சைடு கலந்த வெள்ளையாகத் தெரிகிற பூச்சு, இவைதான் உதவும். போர்ஃபைரின் இறங்கும்வரை இது வேண்டும்.

நம் பக்கத்தில் கையில் கொப்புளம் வரக் காரணத்துக்கா பஞ்சம்? பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களுக்குக் கொட்டை எண்ணெய் பட்டுக் கை வெந்துபோகும். ஆனால் அது விரல்களையும் உள்ளங்கையையும் அதிகம் பிடிக்கும். நாள்பட்டுக் குடிப்பவர்களுக்குச் சத்துக்குறைவால் வரும் பெலாக்ராவிலும் வெயில் பட்ட தோல் கறுத்துத் தடிக்கும். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும், நாப்ராக்சன் போன்ற சில மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கும் பிசிடி மாதிரியே கொப்புளம் வரலாம். பிசிடியைக் காட்டிக்கொடுப்பவை வேறு சில அடையாளங்கள். ஆறிய இடத்தில் கடுகளவு வெள்ளை முத்துகள் நிற்கும். கன்னமேட்டிலும் நெற்றிப்பொட்டிலும் முடி வளரும். ஆண்கள் ஷேவ் செய்துவிடுவதால் அது கண்ணில் படாமல் போவதுண்டு. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகும். உங்கள் அப்பாவிடம் சிறுநீர் நிறத்தைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். “வெயில்ல அலையறேன், சூடு” என்று அவர் அதை ஒதுக்கித் தள்ளியிருக்க வாய்ப்பு அதிகம்.

இருட்டறையில் ஊட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கைக் காட்டினால் இந்தச் சிறுநீர் பவளச் சிவப்பாக ஒளிரும். கூட வந்தவர்களையும் உள்ளே அழைத்து, பக்கத்தில் இன்னொரு குப்பியில் சாதாரணச் சிறுநீரையும் வைத்துக் காட்டுவேன். அதன் பிறகு ‘இது தோல் வியாதி மட்டும்தானே’ என்ற பேச்சு எழாது. விளக்கில் தெரியவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சிறுநீரிலும் பிளாஸ்மாவிலும் போர்ஃபைரின்களைப் பிரித்து அளக்க வேண்டும். இதே மாதிரி தோலைக் காட்டும் வேரிகேட் போர்ஃபைரியா என்ற இன்னொரு நோயைப் பிரித்தறியவும் அது தேவை. அந்த நோயில் வயிற்றுவலி, வலிப்பு, நரம்பு முடக்கம் வரும், பல மருந்துகள் ஆகாது. பிசிடியில் அந்த அபாயம் இல்லை. ‘போர்ஃபைரியா’ என்ற பெயரைப் பார்த்து, இணையத்தில் கிடைக்கும் நீளமான தடை மருந்துப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பட்டியல் பெரும்பாலும் உங்கள் அப்பாவுக்கானது இல்லை.

இப்போது இரும்புக்கு வருவோம். யூராட் ஏன் முடங்குகிறது? பலர் நினைப்பதுபோல் இரும்பு நேராகப் போய் அந்த என்சைமை அடைப்பதில்லை. கல்லீரல் செல்லில் கட்டுக்கு மீறிய இரும்பு இருந்தால் ஆக்சிஜனேற்றம் கூடுகிறது. சிஒய்பி1ஏ2 என்ற இன்னொரு கல்லீரல் என்சைமும் அதற்குத் துணைபோகிறது. இரண்டும் சேர்ந்து, யூராடிடம் வர வேண்டிய யூரோபோர்ஃபைரினோஜனில் ஒரு பகுதியை யூரோபோர்ஃபோமீத்தீன் என்ற பொருளாக மாற்றிவிடுகின்றன. அந்தப் பொருள்தான் யூராடைத் தடுக்கிறது. 2007-இல் அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகக் குழு இதை அடையாளம் கண்டது. இந்தச் சங்கிலியைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். பெரும்பாலான நோயாளிகளிடம் என்சைமின் புரதம் கெட்டுப்போவதில்லை, எண்ணிக்கையும் குறைவதில்லை, தடுக்கும் பொருள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரும்பை எடுத்துவிட்டால் அந்தத் தடுப்பான் உருவாவது நிற்கிறது, என்சைம் மறுபடி வேலைக்குத் திரும்புகிறது. மரபணு சம்பந்தப்பட்ட நோய்களில் இப்படி முழுதாகச் சரியாகக்கூடியவை குறைவு.

எலிகளில் இதை அழகாகக் காட்டினார்கள். யூராட் மரபணுவில் ஒரு பிரதியை மட்டும் நீக்கிய எலிகள் நன்றாகவே இருந்தன. அதே எலிகளில் எச்எஃப்இ என்ற, இரும்பைக் கட்டுப்படுத்தும் மரபணுவையும் சேர்த்து நீக்கியபோது, மது இல்லை, வைரஸ் இல்லை, வேறு எந்தத் தூண்டுதலும் இல்லாமலே போர்ஃபைரின் குவிந்தது. இது 2001-இல் வந்த ஆய்வு. இரும்பின் பங்கைப் பற்றி யாருக்காவது சந்தேகம் இருந்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் வைத்தியம் ஆய்வை முந்திக்கொண்டது. இந்த நோய்க்கு 1937-இல் பெயர் வைத்தவர் சுவீடனின் யான் வால்டன்ஸ்ட்ரோம். ரத்தம் எடுத்தால் குணமாகிறது என்று 1961-இல் எழுதியவர் ஜெர்மானியத் தோல் மருத்துவர் இப்பன். எப்படிக் குணமாகிறது என்று தெளிவாவதற்கு அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஆயின.

எச்எஃப்இ மரபணு கண்டுபிடிக்கப்பட்டது 1996-இல். கல்லீரலில் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன்தான் குடலிலிருந்து எவ்வளவு இரும்பு உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கிறது. ஏரியில் தண்ணீர் ஏறினால் வரத்து மதகை இறக்க ஒரு ஆள் இருப்பார் அல்லவா, அந்த வேலை ஹெப்சிடினுக்கு. உடம்பில் இரும்பு போதும் என்ற தகவலை ஹெப்சிடினுக்குக் கொண்டுசேர்க்கும் வழியில் எச்எஃப்இ ஒரு கண்ணி. அது பழுதானால் தகவல் சரியாகப் போய்ச் சேராது, இரும்பு வந்துகொண்டே இருக்கும். வந்த இரும்பை வெளியேற்ற உடம்புக்கு வழியே இல்லை. நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் உதிரும் செல்களோடு போவதுதான் கணக்கு. ஆரோக்கியமான ஆணின் மொத்த இரும்பு மூன்று நான்கு கிராம். முற்றிய பரம்பரை இரும்புத் தேக்கத்தில், அதாவது ஹீமோகுரோமடோசிஸில், அது பல மடங்காகலாம். கல்லீரல் சுருக்கம், சர்க்கரை நோய், இதய பலவீனம், விரல் முட்டிகளில் மூட்டுவலி எல்லாம் அதன் விளைவுகள்.

எச்எஃப்இயில் முக்கியமான மாற்றங்கள் இரண்டு. ஒன்று சி282ஒய். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியிலும் இது இருந்தால் இரும்புத் தேக்கம் வரும் வாய்ப்பு கணிசமானது. வட ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கிறது. இன்னொன்று எச்63டி. இது வீரியம் குறைந்தது. ஒரு பிரதி மட்டும் இருந்தால் இரும்பு தேங்குவதே இல்லை என்று சொல்லலாம், இரண்டு பிரதி இருந்தாலும் அதுவே தனியாகப் பெரிய தேக்கத்தை உண்டாக்குவது அபூர்வம். ஒரு பக்கம் சி282ஒய், மறுபக்கம் எச்63டி என்று கலந்து வந்தால் இடைப்பட்ட நிலை.

பிசிடி நோயாளிகளிடம் இவை அதிகம் என்பதும் உண்மை. 1997-இல் பிரிட்டனில் வந்த ஆய்வில், குடும்ப வரலாறு இல்லாத பிசிடி நோயாளிகளில் 44 சதவீதத்தினரிடம் சி282ஒய் இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த மற்றவர்களில் 11 சதவீதம். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு 108 நோயாளிகளைப் பார்த்தபோது, ஐந்தில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவாக இரண்டு பிரதியிலும் சி282ஒய் இருந்தது. அதே குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஹெபடைடிஸ் சியும் இருந்தது. இத்தாலிக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே பிசிடியோடு சேர்ந்து தெரிவது எச்63டி, சி282ஒய் இல்லை. ஆக, எந்த மக்களிடம் எந்த மாற்றம் புழங்குகிறதோ அதுவே அங்கே பிசிடிக்குத் துணைபோகிறது. எந்த ஊரிலும் அது ஒன்றே காரணமாக நிற்பதில்லை.

நம் ஊருக்கு இது எப்படிப் பொருந்தும்? சி282ஒய் இந்தியர்களிடம் மிக மிக அரிது. எச்63டி நம்மிடம் ஓரளவு இருக்கிறது, இருந்தும் இரும்புத் தேக்கம் இல்லாமல் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருப்பவர்கள்தான் ஏறக்குறைய எல்லோரும். எனவே உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில் ‘எச்63டி, ஒரு பிரதி’ என்று இருப்பது, பக்கத்து வீட்டுக்காரரைச் சோதித்திருந்தாலும் வந்திருக்கக்கூடிய ஒன்று. ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் கல்லீரலில் அது கொஞ்சம் கை சேர்த்திருக்கலாம். ஆனால் 780 ஃபெரிட்டினுக்கு அதுவே கணக்குச் சொல்லாது.

யார் கணக்குச் சொல்வது? குடிதான் முதல் சந்தேகம். மது ஹெப்சிடினைக் குறைக்கிறது. எச்எஃப்இ பழுதானால் என்ன நடக்குமோ அதையே மரபணு மாறாமல் மது செய்துவிடுகிறது. ஹெபடைடிஸ் சி வைரஸும் அதேதான் செய்கிறது. பிசிடி நோயாளிகளின் கல்லீரலில், எச்எஃப்இ மாற்றம் இல்லாதவர்களிடமும் ஹெப்சிடின் குறைந்திருப்பதை 2008-இல் காட்டியிருக்கிறார்கள். பரம்பரையாக வந்தாலும் பழக்கத்தால் வந்தாலும் கல்லீரல் செல்லுக்கு இரும்பு இரும்புதான். இவை போக, புகைபிடித்தல், எச்ஐவி, பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஆகியவையும் பிசிடியைக் கிளப்பும். தலசீமியா போன்ற ரத்த நோய்களும் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்வதும் இரும்பைச் சேர்க்கும். கொழுப்புக் கல்லீரலும் சர்க்கரையும் சேர்ந்தால் ஃபெரிட்டின் ஏறும். பெரும்பாலான நோயாளிகளிடம் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். ஒன்றைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்துவதுதான் பெரிய தவறு.

மரபணு ரிப்போர்ட்டைவிட எனக்கு முக்கியமாகத் தெரியும் ஒரு எண் உங்கள் கேள்வியில் இல்லை. டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு, எவ்வளவு? காலையில் வெறும் வயிற்றில் எடுத்தால் நல்லது. ஃபெரிட்டின் இரும்பைக் காட்டும் என்பது உண்மை, ஆனால் காய்ச்சல், கல்லீரல் அழற்சி, குடி எதுவானாலும் இரும்பு கூடாமலே ஏறிவிடும். சாச்சுரேஷன் 45 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் உண்மையான தேக்கம் என்ற சந்தேகம் வலுக்கும். அதோடு கல்லீரல் என்சைம்கள், ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்ஐவி, சர்க்கரை, வயிற்று ஸ்கேன், முடிந்தால் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். சாச்சுரேஷன் தொடர்ந்து மிக அதிகமாக இருந்து, எச்எஃப்இயில் ஒன்றும் தேறவில்லை என்றால், ஹீமோஜுவலின், ஃபெரோபோர்ட்டின் போன்ற மற்ற இரும்பு மரபணுக்களைப் பார்க்க வேண்டிவரும். இந்தியாவில் உண்மையான பரம்பரை இரும்புத் தேக்கம் வந்தால் எச்எஃப்இக்கு வெளியே தேடுவது அவசியம். அந்த நிலை வந்தால் ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையில் இரைப்பை குடல் துறையும் ரத்தவியல் துறையும் சேர்ந்து பார்ப்பது நல்லது.

ரத்தம் எடுப்பதைப் பற்றி. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. நம் வீடுகளில் ‘ரத்தம் கம்மி’ என்பதுதான் வியாதி, ‘ரத்தம் எடுப்பது’ வைத்தியம் என்று யாரும் கேட்டதில்லை. ரத்த வங்கியில் நாற்காலியில் சாய்ந்து உட்காரவைத்து, ரத்ததானத்துக்கு எடுப்பது போலவே எடுப்பார்கள். ஒருமுறைக்கு 350 முதல் 450 மில்லி, வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. 450 மில்லி ரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு வெளியே போகிறது. குடிப்பதால் உடம்பு கெட்டுக் கிடக்கிறது என்கிறீர்கள். அவருடைய ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள். பிசிடி நோயாளிகளில் பலருக்கு அது நன்றாகவே இருக்கும், ஏனெனில் அவர்களுடைய கோளாறு கல்லீரலில், ரத்தம் ஊறும் மஜ்ஜையில் இல்லை. எடுத்த ரத்தத்தை ஈடுகட்ட மஜ்ஜை கல்லீரலின் சேமிப்பிலிருந்து இரும்பை இழுக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். ஒவ்வொரு முறைக்கு முன்பும் ஹீமோகுளோபின் பார்த்து, 11-க்குக் கீழே இறங்கினால் இடைவெளி விடுவோம். ஃபெரிட்டின் 20-ஐ ஒட்டி வந்ததும் நிறுத்திவிடுவோம். ஆறேழு முறையிலேயே பலருக்கு அந்த இடம் வந்துவிடும். அதற்கு மேல் எடுப்பது சோகையைத்தான் வரவழைக்கும். இதய நோய், முற்றிய கல்லீரல் சுருக்கம், ஏற்கெனவே சோகை இருந்தால் இந்த வழி ஒத்துவராது, அப்போது மாத்திரை.

குணமாகும் வரிசையையும் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதியில் நம்பிக்கை போய்விடும். முதலில் ஃபெரிட்டின் இறங்கும். புதுக் கொப்புளம் வருவது அடுத்து நிற்கும், அதற்குச் சில மாதங்கள் ஆகும். போர்ஃபைரின் அளவு இன்னும் மெதுவாக, ரத்தம் எடுப்பதை நிறுத்திய பிறகும் தொடர்ந்து இறங்கும். கறுப்பும் முடியும் கடைசியாகத்தான் குறையும்.

மாத்திரை என்றால் ஹைட்ராக்சிகுளோரோகுயின், 100 மில்லிகிராம், வாரத்துக்கு இரண்டு முறை மட்டும். இதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். மூட்டுவாதத்துக்குத் தருவது போல் தினமும் 200, 400 என்று கொடுத்தால் கல்லீரலில் குவிந்திருக்கும் போர்ஃபைரின் மொத்தமாக ரத்தத்தில் கொட்டி, காய்ச்சலும் கல்லீரல் பாதிப்பும் வரும். மருந்துக்கடையில் யாராவது ‘வாரம் ரெண்டு தடவையா, தப்பா எழுதிட்டாங்க’ என்று சொன்னால் கேட்காதீர்கள். இந்த மாத்திரை போர்ஃபைரினைக் கழுவி வெளியேற்றுமே தவிர, இரும்பை எடுக்காது. ஆகையால் உண்மையான பரம்பரைத் தேக்கம் இருப்பவர்களுக்கு ரத்தம் எடுப்பதே முதல் வழி. சி282ஒய் இரண்டு பிரதி உள்ளவர்களிடம் இந்த வகை மருந்து சரியாக வேலை செய்வதுமில்லை. ஹெபடைடிஸ் சி இருந்தால் அதற்கான மாத்திரையே பெரும்பாலும் பிசிடியையும் அடக்கிவிடும். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் அந்தச் சோதனையும் மருந்தும் இலவசமாகவே கிடைக்கின்றன.

சாப்பாட்டு விஷயத்தில் வீட்டுப் பெண்களின் பதற்றம் நியாயமானது. ரத்தம் எடுத்துவிட்டு வந்த அன்றே பீட்ரூட் ஜூஸும் பேரீச்சம்பழமும் தயாராக இருக்கும். கூடவே ‘ரத்தம் ஊற’ ஒரு டானிக். ஜூஸையும் பேரீச்சம்பழத்தையும் நான் தடுப்பதில்லை. முருங்கைக்கீரையும் சாப்பிடட்டும், அதிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்ளும் இரும்பு மிகச் சொற்பம், ஒரு முறை எடுக்கும் ரத்தத்தோடு போகும் இரும்புக்கு அது ஈடே இல்லை. டானிக்கையும் இரும்பு மாத்திரையையும் கண்டிப்பாக நிறுத்துங்கள். ஒரு மாத்திரையில் 60 முதல் 100 மில்லிகிராம் இரும்பு இருக்கும். வீட்டில் மருமகளுக்கோ பேத்திக்கோ அரசு கொடுக்கும் சத்து மாத்திரை இருந்தால், ‘உங்களுக்கும் ஒண்ணு போடுங்க மாமா’ என்ற அன்பு அவருக்கு வேண்டாம். வைட்டமின் சி மாத்திரையும் தானாக வாங்கிப் போட வேண்டாம்.

குடி விஷயத்தில் நான் பேரம் பேசுவதில்லை. பீரானாலும் பிராந்தியானாலும், விசேஷத்துக்கு மட்டும் என்றாலும், ரத்தம் எடுத்துச் சேர்த்த பலனை அது கரைத்துவிடும். புதுச்சேரியில் சரக்கு மலிவு என்பது எனக்கும் தெரியும். கொப்புளம் அடங்கியதும் மறுபடி தொடங்கி, அடுத்த வருடம் அதே கையோடு வருகிறவர்களைப் பார்க்கிறேன். தினமும் குடிப்பவர் என்றால் திடீரென்று நிறுத்தும்போது கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். மனநல மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்துங்கள், வீட்டில் அடைத்துவைத்து நிறுத்தாதீர்கள்.

உங்களுக்கும் பிள்ளைக்கும் வருமா? எச்63டி ஒரு பிரதி உங்களுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்திருந்தாலும் அதனால் மட்டும் ஒன்றும் ஆகாது. இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மரபணு ரிப்போர்ட் தொடவே இல்லை. பிசிடி நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு யூராட் மரபணுவிலேயே ஒரு பிரதி பழுதாக இருக்கும். அவர்களுக்குப் பிறவியிலேயே என்சைம் பாதி, ஆகையால் கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் மது போதும், எல்லையைத் தாண்டிவிடுவார்கள். அதுவும் பிள்ளைகளுக்குப் பாதி வாய்ப்பில் போகும். ஆனால் அந்தப் பழுதைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் ஆயுள் முழுக்க நோய் தெரியாமலே இருந்துவிடுகிறார்கள். உங்களுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தால் ஒருமுறை ஃபெரிட்டினும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் பார்த்துக்கொள்ளுங்கள், போதும். குழந்தைக்கு இப்போது எதுவும் வேண்டாம், மரபணுப் பரிசோதனைக்குப் பணத்தையும் செலவழிக்க வேண்டாம்.

அப்பாவுக்கு எண்களெல்லாம் கூடி உண்மையான பரம்பரைத் தேக்கம்தான் என்று தெரிந்தால் மட்டும் இந்த யோசனை மாறும். அப்போது உங்களைவிட முதலில் சோதிக்க வேண்டியவர்கள் அப்பாவின் கூடப்பிறந்தவர்கள், ஏனென்றால் இரண்டு பிரதியும் பழுதாக இருக்க அவர்களுக்கு நான்கில் ஒரு வாய்ப்பு. மாதவிடாய் நின்ற அத்தைகளை விட்டுவிடாதீர்கள். மாதாமாதம் போன ரத்தம் அதுவரை அவர்களைக் காப்பாற்றியிருக்கும். அப்பாவுக்கும் தோல் ஆறியதோடு வேலை முடியாது. ஆயுள் முழுக்க ஃபெரிட்டினைப் பார்த்து அவ்வப்போது ரத்தம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். கல்லீரல் சுருங்கியிருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், புற்றுநோய்க்காக.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அப்பாவின் தொழிலை நினைத்துச் சொல்கிறேன். கடல் நீரிலும் முகத்துவாரத்து உப்புத் தண்ணீரிலும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்றொரு பாக்டீரியா இருக்கிறது. வெதுவெதுப்பான நீர் அதற்குப் பிடிக்கும், இரும்பு அதிகமுள்ள ரத்தம் அதைவிடப் பிடிக்கும். கல்லீரல் கெட்டவர்களுக்கும் இரும்பு தேங்கியவர்களுக்கும் இது புண் வழியாகவோ, வேகாத சிப்பி வழியாகவோ உள்ளே போனால் ஓரிரு நாளில் ரத்தம் முழுக்கப் பரவி உயிரையே பறிக்கக்கூடும். மற்றவர்களுக்கு வெறும் கீறல், அவருக்கு அது உரிந்த தோல். ஆகவே ஃபெரிட்டின் இறங்கிப் புறங்கை ஆறும்வரை இறால், நண்டு, மீன் கூடையைத் தொடும்போது முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை போடச் சொல்லுங்கள், உள்ளே மெல்லிய பருத்திக் கையுறையோடு, இல்லாவிட்டால் ரப்பரே தோலை உரித்துவிடும். ஐஸ் உடைப்பதையும் கூடை தூக்குவதையும் வேறு ஆளிடம் விட்டுவிட்டு அவர் ஏலம் மட்டும் கேட்கட்டும். நண்டோ சிப்பியோ நன்றாக வேகவைத்தே சாப்பிடட்டும். கையிலோ காலிலோ திடீரென்று வீங்கிச் சிவந்து, தாங்க முடியாத வலியும் காய்ச்சலும் குளிரும் வந்தால், ‘இது வழக்கமான கொப்புளம்தானே’ என்று காலைவரை காத்திருக்காமல் அந்த ராத்திரியே அவசர சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள். போனதும் முதல் வார்த்தையாக, இவருக்கு இரும்புத் தேக்கமும் கல்லீரல் கோளாறும் இருக்கிறது, கடல் தண்ணீரில் வேலை செய்பவர் என்று சொல்லுங்கள்.